ராத்திரி ஒன்பது மணிக்குக் கூடையில் மீந்த பூ

கேள்வி இதுதான்: தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிப் பூக்கடை போட்டு எட்டு மாதம் ஆகிறது. தினமும் அரைக்கிலோ முக்கால் கிலோ மல்லி, ஒன்றிரண்டு கிலோ சாமந்தியும் செண்டுமல்லியும், கொஞ்சம் ரோஜா, சம்பங்கி, அரளி என்று மீந்துபோகிறது. மறுநாள் யாரும் வாங்குவதில்லை. குப்பையில் கொட்ட மனசு வரவில்லை. ஊதுபத்தி, குல்கந்து, சென்ட் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைச் செய்யலாம்?

நான் மதுரையில் பூக்கடையில் வளர்ந்தவள். அம்மா வைத்திருந்த கடை. அவருக்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் நான் பார்த்தேன். நீங்கள் கேள்விப்பட்டதில் முக்கால்வாசியைச் செய்து பார்த்திருக்கிறேன். சிலது கைகொடுத்தது, சிலது நேரத்தைத் தின்றதோடு சரி. தெரிந்ததைச் சொல்கிறேன்.

பூ மீந்ததா இல்லையா என்பதை நீங்கள் மறுநாள் காலையில் ஈரச்சாக்கைப் பிரிக்கும்போது பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்நேரம் மல்லி பழுத்திருக்கும், சம்பங்கி வழவழவென்று ஆகியிருக்கும். உரக்குழியைத் தவிர வேறு வழி இருக்காது. அதே பூவை முந்தின நாள் ராத்திரி கடை கட்டும்போது பிரித்துப் பார்த்தால் நாலைந்து வேலை கொடுக்கலாம். ஒவ்வொரு பூவும் ஒவ்வொரு விதமாக வாடும். மல்லி மணத்தை விட்டுக்கொண்டே சாகும். செண்டுமல்லி நிறத்தைப் பிடித்துக்கொண்டு காயும். மரிக்கொழுந்து காய்ந்த பிறகும் மணக்கும். வாடாமல்லி பெயரைக் காப்பாற்றும். சம்பங்கி அழுகும். எது எப்படி வாடுகிறதோ, அதற்குத் தகுந்த வேலையைத்தான் அதனிடம் வாங்க முடியும். மல்லியைக் காயவைத்து மணக்கச் சொன்னாலும், சம்பங்கியிடம் சாயம் கேட்டாலும் கிடைக்காது.

அதற்கு முன்னால் மிஞ்சுவதையே குறைக்க ஒரு வழி. அம்மா மார்க்கெட்டிலிருந்து மூன்று கிலோ மொட்டு எடுத்து வந்தால் ஒன்றரைக் கிலோவைத்தான் உடனே கட்டுவார். மிச்சம் உதிரியாகவே ஈரத்துணியில் இருக்கும். சரம் தீரத் தீரத்தான் அடுத்த பந்து. ஏன் என்று சின்ன வயதில் கேட்டேன். "கட்டாத பூவுக்கு நாலு வழி, கட்டின பூவுக்கு ஒரே வழி" என்றார். கட்டிய சரம் தலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சாமி படத்துக்குப் போக வேண்டும். உதிரியாக இருந்தால் கதம்பத்தில் சேரும், மாலைக்கு இடையில் நுழையும், உருளித் தண்ணீரில் மிதக்கும், கடைசியில் நான் சொல்லப்போகும் எள் வேலைக்கும் வரும். உங்கள் கடையில் ஆள் சும்மா இருக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் கட்டி வைத்துவிடுகிறார்களா என்று பாருங்கள். நிறையக் கடைகளில் நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

அப்புறம், ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, கிழமை, முகூர்த்தமா, பிரதோஷமா, அமாவாசையா, எது எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு மீந்தது. அவ்வளவுதான். ஆடியில் கல்யாணம் இருக்காது, அம்மன் கோயில் பூ ஓடும். மார்கழியில் கல்யாணம் இருக்காது, பனியில் மல்லி வரத்தும் குறைந்து விலை ஏறும். இதெல்லாம் தெரிந்ததுதான் என்றாலும், உங்கள் பஸ் ஸ்டாண்டில் செவ்வாய்க்கிழமை எத்தனை முழம் போகும் என்பதை உங்கள் நோட்டு மட்டும்தான் சொல்லும். மூன்று மாதம் எழுதினால் மிஞ்சுவதில் நல்ல பங்கு குறையும்.

சாயங்காலம் வேலை விட்டுப் போகிற பெண்கள் கூட்டம் கலைந்ததும் விலையை இறக்கிவிடுங்கள். ஏழரை மணிக்கு மிச்சமிருக்கும் மல்லி உதிரி, கனகாம்பரம், மரிக்கொழுந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கதம்பமாகக் கட்டினால் தனித்தனியாக நின்றதைவிட வேகமாகப் போகும். கடைசி பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு அரை முழம் கொசுறு கொடுங்கள். கொசுறு வாங்கிப் போன கை மறுநாளும் அதே கடைக்கு வரும், இது நான் கண்ணால் பார்த்தது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நேற்றைய பூவை இன்றைய பூவோடு கலந்து கட்டாதீர்கள். நடுவில் ஒளித்துக் கட்டினாலும் வாங்கியவர் வீட்டுக்குப் போவதற்குள் அந்த இடம் பழுப்பாகும், பக்கத்துப் பூவையும் கெடுக்கும். சாமிக்குப் போகும் பூவில் அது பெரிய தப்பு. துளசிக்கும் வில்வத்துக்கும் மட்டும் பழையது என்ற தோஷம் கிடையாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மற்றதெல்லாம் அன்றன்றைக்குத்தான். இறுதி ஊர்வலத்தில் தூவுவதற்கு உதிரிப்பூ கேட்டு வருவார்கள். அதற்கு முந்தின நாள் சாமந்தி, செண்டுமல்லி, ரோஜா இதழ் தாராளமாகக் கொடுக்கலாம், விலையைக் குறைத்து, நேற்றையது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். உடம்பின் மேல் போடும் மாலைக்குப் புதுப்பூதான். அம்மா இதில் ஒருநாளும் பிசகியதில்லை.

இனி மீந்த மல்லிக்கு வருகிறேன். அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சென்ட் ஆசையை விட்டுவிடுங்கள். நிலக்கோட்டை, சத்தியமங்கலம், கோயம்புத்தூர்ப் பக்கமெல்லாம் மல்லியிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் ஆலைகள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது அன்று பறித்த மொட்டு, டன் கணக்கில். ஆயிரம் கிலோ பூவைக் கரைப்பானில் ஊறவைத்து எடுத்தால் ஒன்றிரண்டு கிலோ மெழுகு மாதிரி சாறு நிற்கும். உங்கள் முக்கால் கிலோவை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக முடியாது. வீட்டில் ரோஜாவுக்குச் செய்வது போல மல்லியைக் கொதிக்கவைத்து ஆவி பிடித்தாலும் சரிப்படாது. வெந்த கீரை வாசனைதான் வரும்.

காரணம் மல்லியின் குணத்தில் இருக்கிறது. மரிக்கொழுந்து, துளசி மாதிரி செடிகள் வாசனை எண்ணெயைச் செய்து இலையில் சின்னச் சின்னப் பைகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும். மல்லி சேர்த்து வைப்பதில்லை. பறித்த பிறகும் உயிரோடு இருக்கிற மொட்டு, சாயங்காலத்துக்கு மேல் விரிய விரிய மணத்தைப் புதிதாகச் செய்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். பூ செத்ததும் உற்பத்தி நின்றுவிடும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மதுரை மல்லி, இதழ் தடிப்புக்கும் நீடித்து நிற்கும் மணத்துக்கும் பேர் போனது. அதைக்கூட காயவைத்துப் பாருங்கள், வைக்கோல் மாதிரிதான் இருக்கும்.

அப்படியானால் மல்லி உயிரோடு இருக்கும்போதே அந்த மணத்தைப் பிடிக்க ஏதாவது வேண்டும். எண்ணெய்ப்பசை உள்ள பொருள் அதைப் பிடிக்கும். பிரான்ஸில் கிராஸ் என்ற ஊரில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி அதன் மேல் மல்லியை அடுக்கி எடுத்தார்கள். உத்தரப்பிரதேசத்தில் ஜான்பூர்ப் பக்கம் அதையே எள்ளை வைத்துச் செய்தார்கள். எள்ளையும் சமேலி என்கிற ஜாதிமல்லியையும் மாற்றி மாற்றிப் பரப்பி, எள் மணத்தைக் குடித்ததும் செக்கில் ஆட்டினால் அதுதான் சமேலி எண்ணெய். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று நாம் சொல்வது இந்த வேலையில் அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

ராத்திரி எட்டரைக்கு உங்கள் கூடையில் மிச்சமிருக்கும் உதிரி மல்லி பாதி விரிந்தும் விரியாமலும் இருக்கும். விற்பனைக்கு அது முடிந்த பூ. எள்ளுக்கு அதுதான் சரியான பூ, ஏனென்றால் இனிமேல்தான் அது முழுசாக மணக்கப்போகிறது.

நான் செய்த முறையைச் சொல்கிறேன். தோல் நீக்கிய வெள்ளை எள்ளை வெயிலில் நன்றாகக் காயவைத்து ஆறவிட வேண்டும். அகலமான மூங்கில் தட்டில் சுத்தமான வெள்ளைத் துணி விரித்து, எள்ளை அரை விரல் கனத்துக்குப் பரப்பி, அதன் மேல் மல்லியை நெருக்கமாகத் தூவி, மறுபடியும் எள், மறுபடியும் பூ. மேலே எள்ளோடு முடித்து, துணியால் மூடிவிட வேண்டும். ஒரு கிலோ எள்ளுக்கு அரைக்கிலோ பூ பிடிக்கும். பூவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக்கூடாது. கடையில் நாம் தெளித்துக்கொண்டே இருப்போம் இல்லையா, அதனால் முதலில் பூவைப் பருத்தித் துண்டில் பரப்பி மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் வைத்து ஈரத்தை வாங்கிவிட வேண்டும்.

மறுநாள் காலையில் துணியைத் திறந்தால் மேலாக மல்லி வாசம் வரும், உள்ளே கை விட்டால் எள் சற்று நமத்திருக்கும். பூ விட்ட ஈரம் அது. சல்லடையில் சலித்துப் பூவை எடுத்துவிட்டு எள்ளை நிழலில் ஒரு பகல் உலர்த்த வேண்டும். பூவைப் பத்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எள்ளோடு விட்டுவைத்தால் பழுக்க ஆரம்பித்து அந்த நாற்றத்தையும் எள் குடித்துவிடும். முதல் தடவை நான் அப்படித்தான் இரண்டு கிலோ எள்ளைக் கெடுத்தேன். ராத்திரி மறுபடியும் அன்றைக்கு மீந்த பூ. இப்படி ஐந்தாறு ராத்திரி. மூன்றாவது நாள் வரை எள் வாசனைதான் தூக்கலாக இருக்கும். நாலாவது நாள் இரண்டு எள்ளை விரலில் நசுக்கி மோந்தால் பின்னால் மல்லி தெரியும். அந்த நிமிடத்தில் இத்தனை நாள் குப்பைக்குப் போனது எவ்வளவு என்று மனசு கணக்குப் போடும்.

எள்ளைக் காற்றுப் புகாத டப்பாவில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மரச்செக்கில் ஒரு ஆட்டத்துக்கு இத்தனை கிலோ வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போட்டு ஆட்டுவது நம் பழக்கம். இதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அந்த வாசனை மல்லியை மூடிவிடும். வருகிற எண்ணெய் கடையில் வாங்குகிற வாசனைத் தைலம் மாதிரி தூக்கியடிக்காது. தலையில் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து, உடம்புச் சூட்டில் மெதுவாக மணக்கும்.

ஒரு எச்சரிக்கை. லேபிள் ஒட்டித் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்று விற்க நினைத்தால் அது அழகுசாதனப் பொருள் கணக்கில் வரும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். நான் வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை மணமேற்றிய எள்ளாகவே உரிமம் வைத்திருக்கும் ஒரு எண்ணெய்க்காரருக்குக் கொடுத்தேன். அவர் எள் வாங்கிய விலைக்கு மேல் பாதி சேர்த்துத் தந்தார். குப்பைக்குப் போகிற பூவுக்கு அது நல்ல விலை.

செண்டுமல்லிக்கு வருவோம். துலுக்கச் சாமந்தி, கேந்தி என்றும் சொல்வார்கள். மீந்த பூக்களில் இதுதான் தங்கம். இதன் மஞ்சள் நிறம் லூட்டின் என்ற பொருளால் வருவது. முட்டைக் கோழித் தீவனத்தில் மஞ்சள் கரு நன்றாக நிறம் பிடிப்பதற்கு இந்தப் பூவின் சாறைச் சேர்ப்பதும் அதனால்தான். காய்ந்தாலும் நிறம் போகாது. மும்பை சித்தி விநாயகர் கோயிலில் சேரும் செண்டுமல்லியைத் துணிக்குச் சாயமாக்குகிறார்கள். கோயில் பூவுக்கு முடிந்தது உங்கள் கடைப் பூவுக்கும் முடியும்.

காயவைக்கும்போது அவசரப்படாதீர்கள். பூவை முழுசாகக் காயப்போட்டால் அடியிலுள்ள பச்சைக் குமிழ் ஒரு வாரமானாலும் காயாது, உள்ளே பூஞ்சை பிடிக்கும். ராத்திரியே இதழை மட்டும் பிய்த்து, பச்சையைத் தனியே எடுத்துவிடுங்கள். டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலைதான். நிழலில், காற்றோட்டத்தில், நல்ல வெயில் காலமானால் மூன்று நாள். கையில் எடுத்துக் கசக்கினால் சருகுச் சத்தம் வர வேண்டும். பத்துக் கிலோ பூ காய்ந்தால் ஒரு கிலோவை ஒட்டித்தான் நிற்கும், அதனால் மூட்டை மூட்டையாகச் சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சாயம் போடுவது ரசம் வைக்கிற அளவுக்கு எளிது, ஆனால் துணியை முன்னாலேயே தயார்ப்படுத்த வேண்டும். ஒரு கிலோ காடாத் துணி என்று வைத்துக்கொள்வோம். சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துக் கஞ்சியையும் பிசுக்கையும் எடுக்க வேண்டும். 200 கிராம் கடுக்காய்த் தூளை வெந்நீரில் கரைத்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, பிழிந்து உலர்த்த வேண்டும். அடுத்த ராத்திரி 150 முதல் 200 கிராம் படிகாரம் கரைத்த தண்ணீரில் அதே போல ஊறல். இந்த இரண்டும் இல்லாமல் பூச்சாறில் நேராக முக்கினால் பார்க்க மஞ்சளாக இருக்கும், இரண்டாவது சலவையில் வெளுத்துவிடும். பருத்தி தானாக நிறத்தைப் பிடிக்காது. கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தைப் பிடிக்கும், படிகாரம் நிறத்தைப் பிடிக்கும்.

காய்ந்த இதழானால் முந்நூறு நானூறு கிராம், பச்சைப்பூவானால் மூன்று நாலு கிலோ. எவர்சில்வர் அண்டாவில் ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடாமல் சிறு சூட்டில் வைத்து வடிகட்டி, அந்தச் சாறில் துணியைப் போட்டு முக்கால் மணி நேரம் திருப்பித் திருப்பி விட வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் துணி அதிலேயே ஆறட்டும். இரும்புச் சட்டி வேண்டாம், மஞ்சள் கருத்துப் பாசிப்பச்சையாகிவிடும். பாசிப்பச்சைதான் வேண்டும் என்றால் துருப்பிடித்த ஆணி ஊறிய புளித்த கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்தால் போதும். நிழலில்தான் உலர்த்த வேண்டும், கடும் வெயிலுக்கு இந்த மஞ்சள் மங்கும்.

சாயத் துணியை யாருக்கு விற்பது என்றால், உங்கள் கடைக்கு ஏற்கெனவே வருகிறவர்களுக்குத்தான். கல்யாணத்துக்கு மாலை சொல்ல வருகிற குடும்பம் தாம்பூலப் பைக்கும் எங்காவது போகத்தானே வேண்டும்? வெள்ளைக் காடாத் துணியில் சின்னப் பைகளாகத் தைக்கச் சொல்லி, செண்டுமல்லிச் சாயம் போட்டு முதலில் நாற்பது பை செய்தேன். ஒரே அண்டாவில் போட்டும் மூன்று விதமான மஞ்சள் வந்திருந்தது. சிலது எலுமிச்சை, சிலது நன்றாகப் பழுத்த மாம்பழத் தோல், ஓரிரண்டில் மடிப்பு விழுந்த இடத்தில் வெளிர்க்கோடு. ஒரே மாதிரி இல்லையே என்று தயங்கித்தான் காட்டினேன். பெண்ணின் அம்மா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் இருநூறு வேண்டும் என்றார். அவ்வளவு பூ என்னிடம் மிஞ்சவில்லை. ஒரு மாதம் முன்னால் சொன்னால்தான் முடியும் என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து இதழைக் காயவைத்துச் சேர்க்க ஆரம்பித்தேன்.

சாமந்தி இந்த அளவுக்குச் சாயம் தராது. மஞ்சள் சாமந்தி வெளிர் மஞ்சள் தரும், வெள்ளைச் சாமந்தி ஒன்றும் தராது. ஆனால் கட்டுறுதியான பூ. இரண்டாம் நாளும் தண்ணீரில் மிதக்கவிட்டால் நன்றாக இருக்கும். பக்கத்தில் ஜவுளிக்கடை, ஓட்டல் எதுவும் வாசலில் உருளி வைத்திருந்தால் மாதக் கணக்கில் பேசிவைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் முந்தின நாள் சாமந்தி, ரோஜா இதழ், நந்தியாவட்டை கொண்டுபோய் அடுக்கிக் கொடுப்பது உங்கள் பையனுக்குப் பத்து நிமிட வேலை. அது தலைக்கும் சாமிக்கும் போகாத பூ என்பதால் நேற்றையதாக இருப்பதில் தப்பே இல்லை.

ரோஜாவில் இரண்டு சாதி உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. ஓசூரிலிருந்து வருகிற நீளக் காம்பு ரோஜாவுக்குப் பெரும்பாலும் வாசனையே கிடையாது. அதைத் தலைகீழாகக் கட்டி இருட்டறையில் இரண்டு வாரம் தொங்கவிட்டால் வடிவம் கெடாமல் காயும், அலங்காரத்துக்குப் போகும். பன்னீர் ரோஜா வேறு. அதற்கு மணம் உண்டு, பன்னீர் இறக்கலாம். பெரிய பாத்திரத்தில் இதழும் அது மூழ்கும் அளவு தண்ணீரும், நடுவில் ஒரு மணையின் மேல் கிண்ணம், மூடியைக் கவிழ்த்து வைத்து மேலே ஐஸ். சிறு தீயில் வைத்தால் ஆவி மூடியில் குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். முதலில் வரும் ஒரு டம்ளர்தான் பன்னீர், அதற்கு மேல் வெறும் தண்ணீர். கல்யாணத்தில் தெளிக்கிற பன்னீர்ச் சொம்புக்கு இது போதும்.

குல்கந்து வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மார்க்கெட்டுக்கு வரும் பூ தின்பதற்காக வளர்த்த பூ இல்லை. ரோஜாவுக்கும் மல்லிக்கும் மொட்டுப்புழுவுக்கு, இலைப்பேனுக்கு என்று மருந்து அடிப்பார்கள். பறிப்பதற்கு முந்தின நாள்கூட அடித்திருக்கலாம். தேனிலோ கல்கண்டிலோ ஊறவைத்தால் அந்த மருந்து எங்கேயும் போகாது. மருந்தே அடிக்காத தோட்டம் என்று உங்களுக்கு நேரில் தெரிந்த இடத்துப் பூவானால் சரி, இல்லாவிட்டால் வாய்க்குள் போகிற எதையும் கடைப் பூவில் செய்ய வேண்டாம். பூ டீ, பூ ஜாம், கோழிக்கு இதழ் போடுவது எல்லாவற்றுக்கும் இதுதான் பதில். குளியல் பொடிக்கும் நான் கடைப் பூவைப் போடுவதில்லை.

ஊதுபத்திக் கதை இப்படி. கான்பூரில் ஃபூல் என்ற நிறுவனம் கோயில்களில் சேரும் பூவை வாங்கி ஊதுபத்தி செய்து பெரிய அளவில் விற்கிறது. அதைப் பார்த்துத்தான் நானும் ஆசைப்பட்டேன். மல்லி, சாமந்தி, ரோஜா எல்லாவற்றையும் காயவைத்துப் பொடித்து, பசைத்தூள் சேர்த்து உருட்டி ஏற்றினேன். வீடு முழுக்கச் சருகு எரிக்கிற வாசனை. பூப்பொடி அங்கே எரிகிற பொருள் மட்டும்தான், மணம் தனியாகச் சேர்ப்பது. அதற்கு நல்ல வாசனைத் தைலம் வாங்க வேண்டும், உருட்ட ஆள் வேண்டும். நாளுக்கு இரண்டு கிலோ மிஞ்சுகிற கடைக்கு அது கட்டாது.

அதே உழைப்பை வாசனை இலைகளில் போடுங்கள். மரிக்கொழுந்து, மருகு, துளசி, கதம்பம் கட்டியதில் உதிர்ந்த துண்டுகள் எதையும் வீசாதீர்கள். நிழலில் காயவைத்து, வெட்டிவேர்த் துண்டோடு சேர்த்து, மிஞ்சிய சாயத் துணியில் உள்ளங்கை அளவு பொட்டலமாகத் தைத்தால் பீரோவில் புடவை நடுவே வைக்கலாம். மரிக்கொழுந்து ஆறு மாதம் கழித்தும் மணக்கும். கல்லாப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்திருந்தேன், பூ வாங்க வந்தவர்கள் மோந்து பார்த்துவிட்டே எடுத்துக்கொள்வார்கள். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் கேட்கவே வேண்டாம், அப்படியே காயவைத்துக் கோத்துத் தோரணமாக விற்கலாம்.

மிச்சம் சம்பங்கி, அரளி, பழுத்த மல்லி, எள்ளிலிருந்து சலித்த பூ. இதெல்லாம் உரத்துக்கு. பூவில் தண்ணீர்தான் அதிகம் என்பதால் தனியாகக் குவித்தால் கூழாகி நாறும். ஓட்டை போட்ட டிரம்மில் ஒரு அடுக்குப் பூ, ஒரு அடுக்குக் காய்ந்த இலை அல்லது தென்னை நார்த்தூள், மேலே கொஞ்சம் புளித்த மோர் அல்லது சாணிக் கரைசல். வாரம் ஒருமுறை கிளறினால் ஐம்பது அறுபது நாளில் மண் வாசனை வரும். போடுவதற்கு முன்னால் நூலை அறுத்து எடுக்க வேண்டும். வாழைநாரில் கட்டிய சரமானால் அப்படியே போடலாம், நாரும் மக்கும். நைலான் நூலும் ஜிகினாவும் எத்தனை வருடமானாலும் அப்படியே கிடக்கும், மண்புழு உரத்தில் அதை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்த நாளிலிருந்து நான் மாலைக்கும் நாருக்கே திரும்பிவிட்டேன்.

அரளியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது முழுக்க விஷம். பூ, இலை, காம்பு, காய்ந்த சருகு எல்லாமே. ஒரு தடவை கடைக்குப் பின்னால் மூலையில் அரளி மாலைகளைக் குவித்து வைத்திருந்தோம், மறுநாள் வண்டி வந்து எடுக்கும் என்று. விடிவதற்குள் பக்கத்துத் தெரு ஆடு ஒன்று வந்து தின்றுவிட்டது. மத்தியானத்துக்குள் செத்துப்போனது. ஆட்டை வளர்த்த அம்மாள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பணம் கொடுத்தோம், அவர் வாங்கிக்கொண்டார், ஆனாலும் இத்தனை வருடம் கழித்தும் அந்த மூலையைத் தாண்டும்போது எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வரும். மீந்த பூவை மாட்டுக்குப் போடலாமே என்று யாராவது கேட்டால் மருந்தையும் அரளி கலந்திருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள், சந்தேகமிருந்தால் கொடுக்கவே வேண்டாம். எரிக்கவும் வேண்டாம், புகையும் ஆகாது. மூடிபோட்ட டிரம்மில் நன்றாக மக்கவிட்டால் அந்த நஞ்சு சிதைந்துவிடும். அரைகுறையாக மக்கியதைக் கீரைப் பாத்திக்குப் போடாதீர்கள்.

இத்தனையையும் ஒரே கடையில் செய்ய முடியாது, நானும் செய்யவில்லை. உங்கள் கடை பஸ் ஸ்டாண்டில் இருப்பதால் இன்றே சாயங்கால விலைக்குறைப்பு, கதம்பம், நோட்டு மூன்றையும் தொடங்குங்கள். உர டிரம் ஒன்று வைத்துவிடுங்கள். செண்டுமல்லி இதழை ராத்திரி பிய்த்துக் காயவைக்க ஆரம்பியுங்கள், ஒரு கிலோ சேர்ந்ததும் பழைய வேட்டித் துணியில் சாயம் போட்டுப் பாருங்கள்.

எள் வேலையை மட்டும் ஐப்பசி மழையில் தொடங்க வேண்டாம். எள் உலராது, இரண்டாம் நாளே பூஞ்சை பிடிக்கும். பங்குனி பிறக்கட்டும். வெயிலும் இருக்கும், மல்லி வரத்தும் கூடிக் கூடை நிறைய மிஞ்சும். அதற்குள் அரைக்கிலோ வெள்ளை எள் வாங்கிக் காயவைத்து, ஒரு ராத்திரி மீந்த கால் கிலோ பூவை அதில் பரப்பிப் பார்த்துக் கைப்பழக்கம் செய்துகொள்ளுங்கள்.